மறு: ஹார்மோன் தீவனம் – ‘பால் மாற்றம்’ சரிவருமா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நாம் தயாரிக்கும் திலாப்பியா மீன் வளர்ப்புக் கையேட்டில், குஞ்சுகளுக்கு ஹார்மோன் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக வளர்க்கும் முறைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதானே கேள்வி. ஐயா முன்வைத்த ‘பால் மாற்றம்’ (ஆண்பால், பெண்பால் என்கிற பால்), தம்பி சொன்ன ‘வளர்ச்சி ஹார்மோன் தீவனம்’ இரண்டையும் பார்த்தேன். இரண்டாவதை முதலில் எடுத்துவிடலாம். அந்தத் தீவனத்தில் இருப்பது மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோன், ஒரு கிலோ தீவனத்துக்கு வழக்கமாக 60 மில்லிகிராம். எத்தனாலில் கரைத்துத் தூள் தீவனத்தில் பிசறி, எத்தனால் போகும்வரை உலர்த்துகிறார்கள். தாயின் வாயை விட்டு வந்து இரையெடுக்கத் தொடங்கும் குஞ்சுக்கு 21 முதல் 28 நாள் கொடுப்பதோடு சரி. அப்புறம் அறுவடைவரை சாதாரணத் தீவனம்தான். மீன் பெருப்பது ஆணாக இருப்பதால். பெண் சில மாதத்திலேயே முட்டையிட்டு வாயில் அடைகாக்கும், அந்த நாட்களில் சரியாகத் தின்னாது. குளமும் குஞ்சுகளால் நிரம்பி எல்லாமே சிறுத்துப்போகும். ‘வளர்ச்சி’ என்று அச்சிட்டால், விற்கும்வரை போட வேண்டிய தீவனம் என்றுதான் பண்ணைக்காரர் நினைப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டு ஆணைகூட இதைப் பிரித்தே பார்க்கிறது: வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுக்கத் தடை, மீன் குஞ்சுகளை ஆணாக்க முதல் மூன்று மாதத்துக்குள் மட்டும் விலக்கு.

‘பால் மாற்றம்’ எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், அது ஏற்கெனவே வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. கொடுவா மீன் ஆணாக முதிர்ந்து சில ஆண்டு கழித்துப் பெண்ணாகும். களவா மீன் நேர் எதிர். இங்கே மும்பை வெர்சோவாவில் மீன்வளம் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டேன், ‘பால் மாற்றம்’ என்றதும் கொடுவாவைத்தான் சொன்னார்கள். திலாப்பியாக் குஞ்சிலோ இனப்பெருக்க உறுப்பு இன்னும் ஆண், பெண் என்று பிரியவே இல்லை. பிரியும் நேரத்தில் ஹார்மோன் அதை ஆண் பக்கம் தள்ளுகிறது. மரபணு மாறுவதில்லை, பெண்ணுக்குரிய எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட குஞ்சு ஆணாக வளர்ந்தாலும் எக்ஸ்எக்ஸ்தான். ‘மாற்றம்’ என்று போட்டால் மரபணு மாற்றம் என்று கிளம்புகிறவர்களுக்கும் குறைவிருக்காது. போதாததற்கு, ‘பால் மாற்றத் தீவனம்’ என்ற தலைப்பை மாடு வைத்திருப்பவர் ஆசையோடு புரட்டுவார்.

என் பரிந்துரை ‘ஆண்பாலாக்கம்’. ‘ஆண்பால்’ பள்ளி இலக்கணத்திலிருந்தே காதுக்குப் பழகிய சொல். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொடுத்து எதிர்ப்பக்கம் தள்ளினால் ‘பெண்பாலாக்கம்’. இரண்டுக்கும் பொதுச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘பால் திருப்பம்’ போதும், அட்டையில் வேண்டாம். அக்கா சொன்ன ‘ஆண்மையாக்கம்’ வேண்டவே வேண்டாம். லோக்கல் ரயிலில் ஒட்டியிருக்கும் வைத்தியர் நோட்டீஸ் ஞாபகம் வருகிறது. ‘ஹார்மோன்’ அப்படியே இருக்கட்டும். அதற்கான தமிழ்ச்சொல் என்று தீவனக் கடையில் ‘இயக்குநீர்’ கேட்டால் மோட்டார் பம்பு காட்டுவார்கள்.

‘சூப்பர் ஆண்’ இன்னும் பாக்கி. ஆணுக்குரிய எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட குஞ்சைப் பெண்பாலாக்கி, வளர்ந்ததும் சாதாரண ஆணோடு சேர்த்தால் வாரிசுகளில் கால் பங்கு ஒய்ஒய். இந்த ஒய்ஒய் மீனைத்தான் ‘சூப்பர் ஆண்’ என்கிறார்கள். அந்த ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஆண், நாம் தின்னும் மீனுக்கு ஹார்மோன் தீவனமே வேண்டாம். தம்பி எழுதிய ‘பேராண்’ வேகமாகப் படித்தால் பேரன் ஆகிவிடுகிறது. ‘ஒய்ஒய் ஆண்’ என்றே வைக்கலாம் என்பது என் கட்சி. ஐயா என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
செம்பூரிலிருந்து