இன் விட்ரோ, இன் விவோ: 'குடுவையுள்', 'உயிரியுள்' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அறிவியல் கட்டுரைகளில் வரும் இன் விட்ரோ (உயிரிக்கு வெளியே, குழாயிலோ தட்டிலோ நடப்பது), இன் விவோ (உயிருள்ள உடலுக்குள் நடப்பது) என்ற இலத்தீன் தொடர்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இன் விட்ரோவுக்கு உங்களில் சிலர் சொன்ன 'உடற்புற' என்ற பரிந்துரையை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. எக்ஸ் விவோ என்று இன்னொன்று இருக்கிறதே! உடலிலிருந்து எடுத்த திசுவையோ உறுப்பையோ அமைப்புக் குலையாமல் வெளியே வைத்து ஆராய்வது அது. 'புறம்' அதற்குத்தான் உரியது. இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது?

இலத்தீனில் விட்ரம் என்றால் கண்ணாடி. ஆனால் 'கண்ணாடியில்' என்றால் தமிழில் முகம்தான் தெரியும். செல்களை வளர்க்கும் இன்றைய தட்டுகளோ பெரும்பாலும் பாலிஸ்டைரீன் நெகிழி. 'கலத்துள்' அழகான சொல். இலங்கைப் பாடநூல்களில் கலம் என்பது செல்லைக் குறிப்பதால், அங்குள்ள மாணவர் பொருளைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். எனவே 'குடுவையுள்' என்கிறேன். தட்டு எப்படிக் குடுவையாகும் என்று கேட்பீர்கள். ஆகாதுதான். ஆனால் பெயர் சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டும் என்பதில்லை. உடலுக்கு வெளியே கருக்கட்டி 1978இல் பிறந்த முதல் குழந்தையான லூயிஸ் பிரவுனை உலகமே சோதனைக்குழாய்க் குழந்தை என்றது. கருக்கட்டல் நடந்ததோ தட்டில்.

இன் விவோதான் படுத்துகிறது. 'உயிருள் ஆய்வு' என்று எழுதினால், மெய்ப்புத் திருத்துபவர் 'உயிருள்ள ஆய்வு' என்று மாற்றிவிடுவார். 'உயிரகம்' ஏற்கெனவே ஆக்சிஜனுக்குப் போய்விட்டது. 'உடலுள்' மருத்துவருக்குப் போதும், உயிர்வேதியியலாருக்குப் போதாது. 1897இல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவார்ட் பூக்னர், ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த செல்லற்ற சாறே சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். அந்த மரபில் வந்தவர்களுக்குச் செல்லை உடைத்தெடுத்த சாற்றில் நடப்பது இன் விட்ரோ. உயிருள்ள செல்லுக்குள் நடந்தால், அது தட்டில் இருந்தாலும் இன் விவோ. மருந்தியலாரோ அதே தட்டைக் காட்டி இன் விட்ரோ என்பார். இந்த இழுபறி ஆங்கிலக் கட்டுரைகளிலும் இருக்கிறது. நம் சொல்லால் அது தீராது.

என் பரிந்துரை 'உயிரியுள்'. எலிக்கும் செடிக்கும் பாக்டீரியாவுக்கும் பொருந்தும். தட்டில் வளரும் மனித செல்லை உயிரி என்று சொல்ல முடியாது. அவ்விடத்தில் 'செல்லினுள்' என்று வெளிப்படையாக எழுதிவிடலாம்.

கணினியில் நடத்தும் ஆய்வைக் குறிக்கும் இன் சிலிகோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பழைய இலத்தீன் அன்று. மற்ற இரண்டின் சாயலில், கணினிச் சில்லுகள் செய்யப்படும் சிலிக்கானை வைத்து 1980களின் இறுதியில் புனைந்த சொல். அதற்குச் சிலிக்கானைத் தமிழுக்கு இழுத்துவர வேண்டியதில்லை, 'கணினியுள்' போதும்.