தெக்குத்தெரு வீடு: ஒரு சவர சோப்பு விசாரணை

*வியாழன்*

*காலை 6:51*
பெரியப்பா: சோப்புல என்னமோ கலக்க ஆரம்பிச்சுட்டான். நாப்பது வருஷமா போடுத சோப்பு. அஞ்சு நிமிஷமா பிரஷ்ஷ சுத்துதேன், நுரையே வரல. வடிச்ச கஞ்சி மாதிரி ஓடுது.

பெரியப்பா: [படம்]

அப்பா: அண்ணே, படத்துல டவரா மட்டுந்தான் தெரியுது.

பெரியப்பா: அதுக்குள்ளதான்டே சோப்பு இருக்கு.

செல்வி அத்தை: அது மைனி காப்பி குடிக்க டவரால்லா?

பெரியப்பா: ஆமா. டம்ளர் எங்கயோ போச்சு, டவரா சும்மா கெடந்துது. வட்ட சோப்பு அளவெடுத்த மாதிரி உக்காருது.

சரவணன் அண்ணன்: ஒரு மாசமா தலையால அடிச்சிக்கிடுதேன். சோப்ப விடுங்கப்பா, க்ரீம் வாங்கித் தாரேன்.

பெரியப்பா: தந்தியே ஒண்ணு. அமுக்குனா புஸ்ஸுன்னு வருமே. முகத்துல அப்பிட்டு ரேசரை எடுக்கதுக்குள்ள காஞ்சி போச்சி.

சரவணன் அண்ணன்: அது ஃபோம். க்ரீம் வேற.

நான்: பேசாம தாடி விட்ருங்க பெரியப்பா 😄

பெரியப்பா: உன் மூஞ்சில முளைச்சிருக்கதுக்குப் பேரு தாடின்னா எனக்கு வேண்டாம்.

அப்பா: 👏👏

*காலை 9:20*
ராஜா அத்தான்: இப்பதான் பாக்கேன். மாமா, அண்ணன் சொல்லுதது சரி. கேன்ல பியூட்டேன், புரோப்பேன்னு வாயு அடைச்சிருப்பான். அது வெளிய வந்து விரியுததுதான் நுரை. ட்யூப் க்ரீம்ல நாமதான் பிரஷ் போட்டு எழுப்பணும். உங்க சோப்பு மாதிரியேதான், இளக்கமா இருக்கும், அவ்வளவுதான்.

ராஜா அத்தான்: நானும் சோப்புலேருந்து மாறுனவன்தான். சிங்கப்பூர் வந்த புதுசுல ஒரு ஃப்ரெண்டு புரோராசோ குடுத்தான். இத்தாலிக்காரன் சரக்கு, 1948லேருந்து வருது. பச்சை ட்யூப், யூகலிப்டஸும் மெந்தாலும். போட்டதும் முகம் ஐஸ் வச்ச மாதிரி ஜில்லுன்னு இருக்கும்.

செல்வி அத்தை: அதுக்கு இத்தாலிக்கு ஏன் போகணும். நீ கொண்டுவார கோடாலித் தைலத்த சோப்புல ரெண்டு சொட்டு விட்டா ஆச்சி.

ராஜா அத்தான்: அம்மா 🙏

ராஜா அத்தான்: வாசனைதான் வேணும்னா லண்டன்ல டெய்லர் ஆஃப் ஓல்டு பாண்ட் ஸ்ட்ரீட்னு 1854ல தொடங்குன கடை இருக்கு. அவங்க சந்தன க்ரீம் டப்பாவுல வரும். அடுத்த தடவை வாங்கியாரேன்.

பெரியப்பா: சந்தனம் நெத்திக்கு. மோவாக்கட்டைக்கு இல்ல.

*இரவு 8:14*
மீனா மைனி: ஸ்கூல்ல இருந்து இப்பதான் வந்தேன். மாமா, ஒண்ணு கேக்கறேன். இதே சோப்பு பாளையங்கோட்டைல நுரைச்சுதா?

பெரியப்பா: நுரைச்சுதாவா. வழிஞ்சுதும்மா.

மீனா மைனி: சென்னைக்கு, இந்த மடிப்பாக்கம் வீட்டுக்கு எப்ப வந்தீங்க?

பெரியப்பா: கார்த்திகைல.

மீனா மைனி: நுரை எப்பலேருந்து வரல?

பெரியப்பா: …

பெரியப்பா: கார்த்திகைலேருந்து.

நான்: 😂😂😂

மீனா மைனி: அல்வா ருசிக்கு தாமிரபரணித் தண்ணிதான் காரணம்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கிட்ட சொல்லிட்டே இருக்கீங்க. சோப்புக்கு மட்டும் தண்ணி கணக்கில்லையா?

அப்பா: மருமக கேக்குதாள்லா. பதில் சொல்லுங்க அண்ணே.

சரவணன் அண்ணன்: நம்ம போர் தண்ணிய மீட்டர்ல பாத்தேன். 1,180 காட்டுச்சு.

மீனா மைனி: அது டி.டி.எஸ். கரைஞ்சிருக்கற எல்லா உப்பும் சேந்த கணக்கு. நுரையக் கெடுக்கறது அதுல கால்சியமும் மெக்னீசியமும். அந்தக் கடினத்தன்மை குடிதண்ணில லிட்டருக்கு 200 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 சொல்லுது, வேற தண்ணியே கிடைக்கலன்னா 600 வரைக்கும். போன வாரம் பன்னெண்டாங்கிளாஸ் பசங்களுக்கு டைட்ரேஷன், அதான் சொட்டுச் சொட்டா ஊத்தி அளக்கறது, காட்டறதுக்கு நம்ம வீட்டுத் தண்ணியத்தான் கொண்டு போனேன். சிவப்பு நீலமா மாற விடமாட்டேங்குது, கால்சியத்தப் பிடிக்கற ஈ.டி.டி.ஏ. கரைசல ஊத்திக்கிட்டே இருக்கேன். கடைசில 540.

செல்வி அத்தை: இதையா குடிக்கிய?

மீனா மைனி: குடிக்க கேன் தண்ணி அத்தை. இது குளிக்க, துவைக்க.

மீனா மைனி: சோப்பு முதல்ல அந்தக் கால்சியத்தோட சேந்து கரையாத வெள்ளைத் திட்டா மாறிடும். மாமா சொன்ன கஞ்சி அதுதான். எல்லாத்தையும் தீத்துக்கட்டின பிறகு மிச்சம் இருக்கற சோப்புதான் நுரைக்கும். டவரா ஓரத்துல வெள்ளையா படிஞ்சிருக்கா பாருங்க.

பெரியப்பா: படிஞ்சிருக்கு. தேங்கா நாரு போட்டு தேச்சும் போகல.

மீனா மைனி: வினிகர் ஊத்தி வைங்க, போயிடும்.

பெரியப்பா: அப்ப க்ரீமுக்கும் இதே கதிதானே?

மீனா மைனி: அதுவும் சோப்புதான் மாமா. ஸ்டியரிக் அமிலத்த சோடியம் காரத்தோட சேத்தா கெட்டியா வரும், பொட்டாசியம் காரத்தோட சேத்தா இளக்கமா வரும். ஷேவிங் சோப்புல பெரும்பாலும் ரெண்டும் இருக்கும். க்ரீம்ல முக்கியமா பொட்டாசியம், கூடவே தண்ணி, கிளிசரின். உள்ளயே தண்ணி இருக்கறதால நம்ம தண்ணி கொஞ்சமா சேத்தாலே எழும்பிடும். சில ட்யூப்ல பின்னாடி ஈ.டி.டி.ஏ.ன்னே போட்டிருக்கும், நான் லேப்ல ஊத்தின அதே சாமான். கால்சியத்தப் பிடிச்சு வைக்கத்தான்.

அப்பா: பரீட்சைக்கு வருமா டீச்சர்?

*சனி*

*காலை 7:05*
அப்பா: நானும் ஒரு ட்யூப் வாங்கிப் போட்டேன். இங்க ஆத்துத்தண்ணில்லா, கேக்கவா வேணும். காது, மூக்கு, கண்ணாடி, எல்லாத்துலயும் நுரை. ரேசர் அடைச்சிக்கிச்சு, தட்டித் தட்டி வாஷ்பேசின்ல கீறல் விழுந்துட்டு. வினோத் அம்மா பேசமாட்டேங்கா.

ராஜா அத்தான்: எவ்வளவு க்ரீம் எடுத்தீங்க மாமா?

அப்பா: பல்லு தேய்க்க எடுக்க மாதிரி. பிரஷ்ஷு நீளத்துக்கு.

ராஜா அத்தான்: அய்யோ. ஒரு பாதாம்பருப்பு அளவு போதும். பிரஷ்ஷ நனைச்சு நல்லா உதறிருங்க. க்ரீமை கன்னத்துல வச்சு சுத்துங்க. காயுத மாதிரி இருந்தா பிரஷ்ஷோட நுனிய மட்டும் தண்ணில தொடணும். சோப்புல பிரஷ் எடுக்க அளவுதான் வரும், கைய மீறிப் போகாது. ட்யூப்ல நம்ம கைதான் அளவு, அங்கதான் எல்லாரும் கோட்ட விடுதது.

நான்: அப்பா ஒரே நாள்ல கால் ட்யூப் காலி பண்ணிட்டாங்க. சாட்சி நான்.

*ஞாயிறு*

*காலை 7:30*
பெரியப்பா: இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன். வலது கன்னம் சோப்பு, கேன் தண்ணி. இடது கன்னம் சரவணன் வாங்கியாந்த க்ரீம், போர் தண்ணி. பிளேடு புதுசு.

மீனா மைனி: மாமா, ரெண்டுக்கும் ஒரே தண்ணி வச்சாதான் சோதனை.

பெரியப்பா: இது லேப் இல்லம்மா. என் மூஞ்சி.

*காலை 7:34*
அப்பா: என்னாச்சு?

செல்வி அத்தை: வெட்டிக்கிட்டாவளோ என்னமோ. படிகாரம் இருக்கா வீட்டுல?

*காலை 8:02*
பெரியப்பா: நடுவுல கேன் போடுத பையன் பெல் அடிச்சிட்டான். வீட்டுல யாரும் எந்திரிக்கல. ஒரு பக்கம் சோப்பு, ஒரு பக்கம் க்ரீமோட போயி கதவத் தெறந்தேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னான். “ஒண்ணுதானே சார்”னான். இனிமே ரெண்டு போடுன்னுட்டேன்.

சரவணன் அண்ணன்: அப்பா, ரெண்டு எதுக்கு?

பெரியப்பா: அரை டம்ளர் தண்ணில டவரா நெறைஞ்சு போச்சுடே. பால் பொங்குத மாதிரி. பிரஷ்ஷத் தூக்குனா கூம்பா நிக்கி. பழைய சத்தம் கூட வந்துது, சரக் சரக்னு.

ராஜா அத்தான்: க்ரீம் பக்கம் எப்படி மாமா?

பெரியப்பா: பொய் சொல்லப்பிடாது. ஒரு நிமிஷத்துல எழும்பிட்டு, அதுவும் அந்த உப்புத் தண்ணில. பிளேடும் வழுக்கிக்கிட்டுத்தான் போச்சி. ஆனா நான் கதவத் தெறந்து பேசிட்டு வாரதுக்குள்ள ஓரமெல்லாம் வத்திட்டு. சோப்பு பக்கம் அப்படியே இருந்துது.

ராஜா அத்தான்: நுனிய நனைச்சு இன்னொரு சுத்து சுத்தியிருக்கணும்.

பெரியப்பா: இருக்கலாம். க்ரீமை சரவணன் வச்சிக்கிடட்டும், அவன் எட்டரைக்கு ஓடணும். எனக்கென்ன, வண்டியா போயிரும்.

மீனா மைனி: அப்ப தினம் அரை டம்ளர் கேன் தண்ணி மாமாவுக்கு. ரெண்டாவது கேன் வேண்டாம், நான் பையன்கிட்ட சொல்லிக்கறேன்.

சரவணன் அண்ணன்: 🙏

செல்வி அத்தை: பொங்கல் கழிச்சு மெட்ராஸ் வாரேன் பெரியண்ணே. அல்வா எத்தன கிலோ வாங்கட்டும்?

பெரியப்பா: சுகருக்கு அல்வா எதுக்கு. அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணுல நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி பிடிச்சிட்டு வா.

அப்பா: நெல்லை எக்ஸ்பிரஸ்ல தண்ணிக் கேனத் தூக்கிட்டா? பாக்கவன் என்ன நெனைப்பான் அண்ணே.

பெரியப்பா: மூடிய நல்லா இறுக்கச் சொல்லு.