விடியற்காலை மூன்றரை மணிக்குத் திரும்பி வந்த டோட்

ஒன்றரை வருடமாக வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். ராத்திரி 10 முதல் காலை 6 வரை. ஸ்கேனர் எந்த ரேக், அதில் எந்த பின் (பொருள் வைக்கும் தடுப்பு) என்று காட்டும். போய்ப் பொருளை எடுத்து, பார்கோடை ஸ்கேன் செய்து, டிராலியில் உள்ள டோட்டில், அதாவது பிளாஸ்டிக் பெட்டியில், போட வேண்டும். பாதி நேரம் நடையிலேயே போய்விடும்.

வந்த புதிதில் டார்கெட் தவிர வேறெதுவும் என் மனதில் இல்லை. ஒரே பொருள் 6 வேண்டும் என்று ஆர்டர் வந்தால், ஒவ்வொன்றையும் திருப்பி பார்கோடு தேட மாட்டேன். கையில் இருக்கும் ஒன்றையே 6 தடவை ஸ்கேன் செய்துவிட்டு மீதியை அள்ளிப் போடுவேன். ஸ்கேனரும் சரி என்று சொல்லிவிடும்.

ஒரு நாள் விடியற்காலை மூன்றரை இருக்கும், பேக்கிங்கிலிருந்து ஒரு டோட் திரும்பி வந்தது. எடை ஒத்துப்போகவில்லை. கொண்டுவந்தவர் அங்கே பல வருடமாக இருக்கும் ஓர் அக்கா. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் டோட்டில் இருந்த 6 ஸ்க்ரூ பெட்டிகளை எடுத்து டிராலி மேல் வரிசையாக வைத்தார். எல்லாம் அதே மஞ்சள் அட்டை, அதே படம்.

"எது வேற, சொல்லு தம்பி."

இரண்டு தடவை பார்த்தேன், தெரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது: நாலில் 25 மி.மீ., இரண்டில் 35 மி.மீ. யாரோ பக்கத்து பின்னில் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். நானும் பார்க்காமல் எடுத்திருக்கிறேன்.

"இந்த நேரத்துல கண்ணு பழகினதைத்தான் காட்டும். நம்பரை வாய்விட்டுப் படி" என்றார். அப்புறம், "பகல்ல எவ்வளவு நேரம் தூங்குறே?" என்று கேட்டார். நாலு மணி நேரம் என்றேன். அதற்குத்தான் திட்டு விழுந்தது.

விடியலுக்கு முன்னால் உடம்புச் சூடு தணிந்து, கவனம் அடிமட்டத்துக்குப் போகும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2007-லேயே சேர்த்திருக்கிறது, 2019-லும் அதை உறுதி செய்தது என்று பார்த்தபோது நிஜமாகவே பயந்தேன். பகல் தூக்கத்தை வீட்டில் யாரும் தூக்கமாகவே மதிப்பதில்லை. அதற்காகச் சண்டை போட்டாவது தூங்குங்கள். எனக்கு உதவியது: வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குத் தடித்த திரை, போனை வேறு அறையில் வைப்பது.

இப்போது ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகத்தான் ஸ்கேன் செய்கிறேன், கடைசி நாலு எண்ணை வாய்விட்டுப் படித்தபடி. வேகம் கொஞ்சம் குறைந்தது, சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டார். டோட் திரும்பி வந்தால் இன்னொருவர் நடந்து வந்து, நானும் மறுபடி நடந்து போய் எடுக்க வேண்டுமே, அதை யார் கணக்கில் எழுதுவது என்று நானும் கேட்டேன். பதில் வரவில்லை.

அந்த அக்கா பகல் ஷிஃப்ட்டுக்கு மாறிவிட்டார். காலையில் நான் வெளியே வரும்போது கேட்டருகே எதிரே வருவார். "நேரா போய்த் தூங்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவார்.