உட்கார ஸ்டூல் இருக்கா?

தொடங்கியவர் (சென்னை, துணிக்கடை):
தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் பதினோரு வருஷம் பட்டு செக்‌ஷனில் நின்றவள் நான். 'நின்றவள்' என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை, நடுவில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். ரேக்கில் சாய்ந்தாலே கேமராவில் பார்த்து மைக்கில் கூப்பிடுவார்கள்.

கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதில் 2018-இல் கேரளாவில் உட்காரும் உரிமை வந்தது. 2021-இல் நம் ஊரிலும் சட்டம் வந்தது. எங்கள் மாடிக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது சிரிப்புதான். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் உட்காரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று சொல்பவர் ஃப்ளோர் சூப்பர்வைசர். "கஸ்டமர் இல்லையா? அப்ப சேலையை மடிச்சு வை."

ஒருநாள் செக்கிங் வந்த சார் கவுன்ட்டருக்கு அடியில் குனிந்து ஸ்டூலை எண்ணி எழுதிக்கொண்டு போனார். ஸ்டூல் மேல் கவர் கட்டு அடுக்கியிருந்தது. "இதுல உட்கார்றீங்களாம்மா?" என்று கேட்கவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ!

உங்கள் வேலை எப்படி என்று யாராவது முறையாகக் கேட்டதுண்டா?

பதில் (ஈரோடு):
கேட்கிற பக்கம் இருந்தவன் நான். யார் யாருக்கு என்ன வேலை என்று மத்திய அரசு எடுக்கிற பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனேன். அதில் வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அந்த வாரம் வேலையில் இருந்தவர் கணக்கு. வேலையின் தரம் பற்றி மூன்று கேள்வி முக்கியம்: எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு லீவு உண்டா, பி.எஃப். மாதிரி பாதுகாப்பு உண்டா.

பள்ளிப்பாளையத்தில் ஒரு தறிக்காரர். மூன்றுக்கும் "இல்லைங்க", பத்து வினாடியில் முடிந்தது. நான் டேப்லெட்டை மூடிய பிறகுதான் பேச ஆரம்பித்தார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மீட்டர் கணக்கில் கூலி, பாவு நூல் தீர்ந்து தறி நின்றால் கூலியும் நின்றது. சத்தத்தில் காது போய், வீட்டிலும் கத்தித்தான் பேசுகிறார். பேத்தி பயந்து மடிக்கு வருவதில்லையாம். இதை எந்தக் கட்டத்தில் எழுத?

மூன்று கேள்வியும் தப்பில்லை, கேட்காமல் விட்டால் இன்னும் மோசம். இத்தனைக்கும் என்னை எடுத்த ஏஜென்சியில் எனக்கும் லீவுக்குச் சம்பளம் கிடையாது.

பதில் (பெங்களூரு, ஐ.டி.):
எங்களுக்கு மாசாமாசம் ஸ்மைலி சர்வே. "பெயர் தெரியாது, தைரியமாகச் சொல்லுங்கள்" என்று மெயில் வரும். லிங்க்கின் கடைசியில் என் எம்ப்ளாயி நம்பர். அஞ்சுக்கு அஞ்சு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

தொடங்கியவர்:
ஈரோட்டு அண்ணா, அடுத்த தடவை யாராவது கேள்வித்தாள் தயாரித்தால் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்: வேலைக்கு வந்தபின் எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க? எங்கள் மாடியில் பாத்ரூம் போக டோக்கன் வாங்கணும், போன நேரம் நோட்டில் ஏறும். அதனால் யாரும் குடிப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த தேனிப் பிள்ளை முதல் நாள் பெரிய பாட்டில் கொண்டுவந்தாள். மூணாம் நாள் பாட்டிலையே காணோம்.