வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா போடச் சொல்கிறார்கள், போடலாமா?

நாவலூர்_டெஸ்டர்:

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனி. டெஸ்டிங்கில் 8 வருடம் 7 மாதம், முழுக்க ஒரே இடம். ப்ராஜெக்ட் முடிந்து 40 நாளாக பெஞ்ச், அதாவது அடுத்த ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பு. நேற்று ஹெச்.ஆர். கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள் போர்ட்டலில் நீங்களே ராஜினாமா போடுங்கள், 2 மாதச் சம்பளம் தருகிறோம். இல்லாவிட்டால் டெர்மினேஷன் லெட்டர்தான், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது" என்றார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை.

விவரம்: மாதம் மொத்தம் 1,10,000, அதில் பேசிக் 42,000. நோட்டீஸ் 60 நாள். இ.எல். (ஈட்டிய விடுப்பு) 38 நாள் பாக்கி. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 31,000. சேமிப்பு 4 லட்சம். அப்பாவுக்கு சுகர், அவர் கம்பெனி இன்ஷூரன்ஸில் இருக்கிறார். பெரும்பாலும் மேனுவல் டெஸ்டிங், செலினியம் (ஆட்டோமேஷன் டூல்) 2 வருடம்.

ராஜினாமா போடலாமா? பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனில் கட்டிவிடலாமா? தேடலை எங்கே தொடங்குவது?

சமரசம்_பேசுபவர்:

வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் வைத்த கெடு. சட்டம் வைத்தது இல்லை. முதலில் அந்த 2 மாதச் சம்பளத்தைப் பாருங்கள். உங்கள் நோட்டீஸே 60 நாள்தானே? உங்களுக்கு ஏற்கெனவே உரிய பணத்தையே சலுகை மாதிரி நீட்டுகிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம், கூடவே வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம். 6 மாதத்துக்கு மேற்பட்ட துண்டு ஒரு வருடமாக எண்ணப்படும். உங்களுக்கு 9 வருடக் கணக்கு, அதாவது 135 நாள். இது போக, மறுதிறன் நிதி என்று 15 நாள் ஊதியத்தை 45 நாளுக்குள் உங்கள் கணக்கில் போட வேண்டும் என்பதும் அந்தத் தொகுப்பிலேயே உண்டு. நீங்களாகவே ராஜினாமா போட்டால் அது ஆட்குறைப்பே கிடையாது, இவை எதையும் கேட்க முடியாது.

இது "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். டெக்னிக்கல் வேலை அதற்குள் வரும். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர், மாதம் 18,000க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் வர மாட்டார். விசிட்டிங் கார்டில் "லீட்" என்று இருப்பதால் மட்டும் வெளியே போய்விட மாட்டீர்கள். தினமும் செய்த வேலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள். லீவ் அப்ரூவ் செய்தீர்களா, அப்ரைசல் ரேட்டிங் போட்டீர்களா, இல்லை டெஸ்ட் கேஸ் எழுதி ஓட்டினீர்களா? இதற்கு இப்போதே பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒரு மெயில். சொந்த மெயில் ஐ.டி.யிலிருந்து ஹெச்.ஆருக்கு, கோபமில்லாமல், நாலு வரி: "நேற்று மாலை நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யக் கேட்டீர்கள். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. நிறுவனம் என்னை விடுவிப்பதாக இருந்தால் காரணம், கடைசி வேலை நாள், தரப்போகும் தொகையின் விவரம் ஆகியவற்றை எழுத்தில் தரவும்." பல இடங்களில் இந்த மெயில் போன பிறகுதான் உண்மையான பேச்சுவார்த்தையே தொடங்கும்.

அடுத்தது காகிதங்கள். லேப்டாப் ஆக்சஸ் எந்த மதியமும் போகலாம். ஆஃபர் லெட்டர், எல்லா இன்க்ரிமென்ட் லெட்டரும், கடைசி 12 மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16, அப்ரைசல் ரேட்டிங், லீவ் பேலன்ஸ் பக்கம், இன்ஷூரன்ஸ் ஈ-கார்டு, இவற்றை இறக்கி வைத்துவிடுங்கள். க்ளையன்ட் ஃபைல், கோட், டெஸ்ட் டேட்டா எதையும் தொட வேண்டாம். அதை வைத்தே ஒழுங்கு நடவடிக்கை என்று திருப்பிவிடுவார்கள்.

சண்டைக்குப் போகத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. தொகை நியாயமாக வந்தால் ஒப்பந்தமாகப் பிரிவதும் நல்ல வழிதான். கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: ரிலீவிங் லெட்டரில் பெர்ஃபார்மன்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் வராது, நோட்டீஸ் பிடித்தம் கிடையாது, ஜாயினிங் அல்லது ரிடென்ஷன் போனஸைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். போனஸ் ஷரத்து பெரும்பாலும் "ஊழியர் தானாக விலகினால்" என்றுதான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ராஜினாமா கேட்கிறார்கள். வீட்டுக்கடனோடு வேலையிழப்பு இன்ஷூரன்ஸ் சேர்த்து எடுத்திருந்தால் அதுவும் அப்படியே, தானாக விலகியவருக்குப் பணம் தராது.

பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கேட்டால் உங்கள் ஆபீஸ் யார் வரம்பில் வருகிறது என்று சொல்வார்கள்.

கணக்குப்புலி:

மேலே சொன்னது இழப்பீடு. அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வர வேண்டிய பணம் தனியாக இருக்கிறது.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): கடைசி மாத ஊதியம் × 15 ÷ 26 × வருடம். இதிலும் 8 வருடம் 7 மாதம் 9 ஆகும். பேசிக்கை மட்டும் வைத்தால் 42,000 × 15 ÷ 26 × 9 = 2,18,077. ஆனால் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி "ஊதியம்" மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. மாத மொத்தம் 1,10,000 என்றால் அடிப்படை 55,000 ஆகி, தொகை 2,85,577 வருகிறது. வித்தியாசம் 67,500. செட்டில்மென்ட் ஷீட் வந்ததும் முதலில் கண் போக வேண்டிய இடம் இதுதான். எந்த எண்ணை வைத்துப் போட்டீர்கள் என்று மெயிலில் கேளுங்கள். 20 லட்சம் வரை வரி கிடையாது. 30 நாளுக்குள் தர வேண்டும். சம்பள பாக்கியை வேலையை விட்ட 2 வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. பழைய பழக்கத்தில் 45 நாள் ஆகும் என்று சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

இ.எல். 38 நாளுக்கான பணம் தனியார் ஊழியருக்கு 25 லட்சம் உச்சவரம்புக்குள் வரிவிலக்குக் கணக்கில் வரும். உங்கள் தொகைக்கு வரி வராமலே போக வாய்ப்பு அதிகம். பேரோல்காரர்கள் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்திருந்தால் ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம். நோட்டீஸ் சம்பளத்துக்கு அந்தச் சலுகை இல்லை, முழுக்க வரி உண்டு.

பி.எஃப்.: எடுக்காதீர்கள். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். வேலை இல்லாத மாதங்களிலும் வட்டி ஏறும், அந்தக் காலத்து வட்டிக்கு மட்டும் வரி உண்டு. 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். இது கடைசிக் கதவு. திறக்க முடியும் என்று தெரிந்தால் போதும்.

திறக்கும்படி வைத்திருப்பதுதான் வேலை. நம் ஆட்கள் மாட்டுவது இனிஷியலில். ஆதாரில் "முருகன் செ", பான் கார்டில் "செல்வம் முருகன்", பி.எஃப். கணக்கில் "செ முருகன்". மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் க்ளெய்ம் திரும்பி வரும். திருத்தத்துக்கு பழைய கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம், வெளியே வந்த பிறகு அங்கே யார் உங்கள் மெயிலைப் பார்க்கப்போகிறார்கள்? ஐ.டி. கார்டு கழுத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பேங்க் இணைப்பால் ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தால், கடைசி சந்தா வந்து 2 மாதம் கழித்து நீங்களே உறுப்பினர் போர்ட்டலில் பதியலாம்.

4 லட்சத்தைக் கடனில் கட்டுவது தப்பு. கட்டிய பணம் திரும்பி வராது, அடுத்த மாதமும் இ.எம்.ஐ. 31,000தான். வீட்டுச் செலவு 30,000 என்று வைத்தால் மாதம் 61,000, அதாவது ஆறரை மாதம் ஓடும். கிராஜுவிட்டி வந்தால் இன்னும் மூன்றரை மாதத்துக்கு மேல். 6 இ.எம்.ஐ.க்கான 1,86,000ஐ வேறு பேங்கில் தனியாக வைத்து அங்கிருந்தே ஆட்டோ டெபிட் போகச் செய்யுங்கள். ஒரு தவணை திரும்பினால் பேங்க் அபராதம், கடன் கொடுத்தவர் அபராதம், சிபில் அடி என்று மூன்று இடத்தில் வலிக்கும். நாலாவது மாதமும் வேலை இல்லை என்றால், தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய் கால நீட்டிப்பு கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் மரியாதை வேறு மாதிரி இருக்கும்.

சின்ன விஷயம்: சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் சாதாரணக் கணக்காக மாறி மினிமம் பேலன்ஸ் பிடிக்கத் தொடங்கும்.

பாலிசி_படிப்பவள்:

அப்பா விஷயம் அவசரம். க்ரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். இன்றைக்கே புதிதாக பாலிசி எடுத்தால் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு, சுகர் மாதிரி முன்பே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்பு. அதனால் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி, கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். க்ரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். ஹெச்.ஆரிடம் வாங்க வேண்டியது, அப்பா பெயர் எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு தொகைக்குச் சேர்ந்திருக்கிறது என்ற சான்று. சுகர் இருப்பதை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம், க்ளெய்ம் வரும்போது அதை வைத்தே மறுப்பார்கள். அப்பாவுக்குத் தனி பாலிசி, உங்கள் குடும்பத்துக்குத் தனி என்று பிரித்தால் அவர் வயதுக்கான பிரீமியம் எல்லோர் தலையிலும் ஏறாது.

பிராட்வே_ரெக்ரூட்டர்:

தேடல் பற்றி. சந்தையில் "உடனே சேரலாம்" என்பதற்கு மதிப்பு உண்டு. 90 நாள் நோட்டீஸ்காரர்களுக்குக் காத்திருந்து கடைசி நாளில் ஏமாந்த டீம்கள் நிறைய. நௌக்ரி வேலைத் தளத்தில் நோட்டீஸ் இடத்தில் 15 நாளுக்குள் என்பதையும், ஹெட்லைனில் கடைசி வேலை நாளையும் போடுங்கள். நாங்கள் தேடும்போது சமீபத்தில் ஆக்டிவாக இருந்தவர்கள் என்று வடிகட்டுவோம். தினமும் காலை 9 மணிக்கு முன் ஒரு சொல்லையாவது மாற்றி சேவ் செய்தாலே போதும்.

ரெஸ்யூமே 2 பக்கம், ஒரே நெடுவரிசை. டேபிள், இரண்டு நெடுவரிசை, ஸ்கில்லுக்கு நட்சத்திரப் படம், இதெல்லாம் மென்பொருள் படிக்கும்போது சிதறும். பி.டி.எஃப்.பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குழம்பினால் எங்கள் சிஸ்டத்திலும் குழம்பும்.

"பேங்கிங் டொமைனில் டெஸ்டிங் செய்தேன்" என்ற வரியால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "640 ரிக்ரெஷன் (மறுசோதனை) கேஸில் 410ஐ செலினியத்தில் ஓட வைத்து, 9 நாள் சுற்றை 3 நாளாக்கினேன்" மாதிரி எழுதுங்கள், உங்கள் நிஜ எண்ணோடு. அடுத்த கேள்வியே "மீதி 230ஐ ஏன் விட்டீர்கள்" என்பதாகத்தான் இருக்கும். பதில் இருந்தால் பாதி இன்டர்வியூ முடிந்தது.

8 வருட மேனுவல் என்ற நிலைமையை மழுப்பிப் பயனில்லை. முதல் 6 வாரம் தினமும் 3 மணி நேரம் ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசும் இணைப்பு) டெஸ்டிங்குக்குக் கொடுங்கள். போஸ்ட்மேன் டூலில் தொடங்கி ரெஸ்ட் அஷ்யூர்டு டூல், பக்கத்தில் எஸ்.க்யூ.எல். ஜாயின். ப்ளேரைட் (பிரவுசர் டெஸ்டிங் டூல்) அதற்குப் பிறகு. 40,000 கொடுத்து சர்டிஃபிகேட் கோர்ஸ் வாங்குவதைவிட, கிட்ஹப்பில் ஓடும் ஒரு ஃப்ரேம்வொர்க் இருப்பது மேல். உங்கள் 8 வருடத்தில் விலைபோவது டொமைன் அறிவு. பேமென்ட், லோன், க்ளெய்ம் எதில் இருந்தீர்களோ அதே துறையின் கேப்டிவ் சென்டர்களை (பெரிய நிறுவனங்கள் தங்கள் வேலைக்காகவே நடத்தும் மையங்கள்) சென்னையில் முதலில் குறிவையுங்கள்.

ரெஃபரல் கேட்கும்போது "ஏதாவது ஓபனிங் இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் பதில் வராது. ஜாப் ஐ.டி., உங்கள் 3 வரி, ரெஸ்யூமே மூன்றையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள், அவர் ஃபார்வர்டு மட்டும் செய்தால் போதும் என்கிற மாதிரி. "ஏன் விலகினீர்கள்?" என்றால், "ப்ராஜெக்ட் முடிந்தது, ஆட்குறைப்பில் என் டீமும் போனது" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். லேஆஃப் என்று கேட்டு இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை. பழைய மேனேஜரைத் திட்டினால்தான் சுளிப்பார்கள்.

நாவலூர்_டெஸ்டர்:

மெயில் போட்டுவிட்டேன், நன்றி. ஒரு கன்சல்டன்சியிலிருந்து இப்போதே போன் வந்துவிட்டது. 1.5 லட்சம் கட்டினால் "பேக்டோர்" ஆஃபர், இடைவெளி மாதங்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் தருகிறார்களாம். இன்னொருவர் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்கிறார்.

பிராட்வே_ரெக்ரூட்டர்:

இரண்டும் வேண்டாம். போலி அனுபவம் நிற்காது. பின்னணி சரிபார்ப்பில் யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) வரலாற்றைப் பார்ப்பார்கள், அங்கே சந்தா வராத மாதம் அப்படியே தெரியும். இரண்டு மாத இடைவெளி குற்றமில்லை, பொய் லெட்டர் பிடிபட்டால் சேர்ந்த பிறகும் வேலை போகும். நியாயமான கன்சல்டன்சி கமிஷனை கம்பெனியிடம்தான் வாங்கும். பணம் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

தாய்லாந்து டேட்டா என்ட்ரி என்று கூட்டிப்போய் மியான்மர், கம்போடியாவில் சைபர் மோசடிக் கூடாரத்தில் அடைத்த சம்பவங்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் சிக்கினார்கள். வெளிநாடு என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000ம் ஜி.எஸ்.டி.யும்தான். டூரிஸ்ட் விசாவில் வரச் சொன்னாலே போனை வையுங்கள்.

சமரசம்_பேசுபவர்:

மெயிலுக்குப் பதிலாக ஹெச்.ஆர். போனில் பேசினால், பேசி முடித்த கையோடு "நீங்கள் போனில் சொன்னது இது" என்று மறுபடி ஒரு மெயில் போடுங்கள். போர்ட்டலில் அந்த ராஜினாமா பட்டனை மட்டும் தொடாதீர்கள். ட்ராஃப்டாகக்கூட சேவ் செய்ய வேண்டாம்.

நாவலூர்_டெஸ்டர்:

புரிந்தது. இன்று மாலை பே ஸ்லிப்பும் பி.எஃப். பெயர் திருத்தமும். செட்டில்மென்ட் ஷீட் வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன்.