ஸ்டெபிலிட்டிக்கு "பிசகாமை" சரியா வருமா?

வணக்கம்.

விண்வெளி டெலஸ்கோப் ஆப்டிக்ஸ் பத்தி எழுதும்போது ஸ்டெபிலிட்டிக்கு நிலைப்புத்தன்மைன்னே போட்டுட்டு வர்றோம். ஐயாவும் நேத்து அதுவே போதுமேன்னு கேட்டிருந்தீங்க. போதலைங்க ஐயா. பாலம், அரசாங்கம், மருந்து எல்லாத்துக்கும் அதே சொல்தான் ஓடுது, படிக்கிறவங்களுக்கு விழாம நிக்கிறது, கெடாம இருக்கிறதுன்னுதான் தோணும். இங்க விஷயமே வேற.

ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப்பை எடுத்துக்குங்க. 1990ல மேல போனப்போ அதோட 2.4 மீட்டர் கண்ணாடிய ஓரத்துல சுமார் 2 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கூடுதலா தேய்ச்சிருந்தாங்க, படம் மங்கலா வந்துச்சு. ஆனா அது அசையாத தப்பு, இன்னைக்கு எப்படியோ நாளைக்கும் அப்படியே, அதனாலதான் கணக்குப் போட்டு 1993ல அதுக்கு ஏத்த திருத்தத்தை மாட்ட முடிஞ்சுது. அதே ஹப்பிள்ல இன்னொண்ணும் நடக்குது, பூமிய சுத்த சுமார் 95 நிமிஷம், அதுக்குள்ள வெயிலும் நிழலும் மாறி மாறி வர்றதால அந்தப் பெரிய கண்ணாடிக்கும் அதுக்கு எதிர்ல உள்ள சின்னக் கண்ணாடிக்கும் நடுவுல உள்ள தூரம் சில மைக்ரான் கூடிக் குறையுது, ஃபோகஸும் கூடவே ஆடுது. முன்னது பிழை. பின்னது பிசகு.

கை பிசகிடுச்சுன்னு சொல்றோமே, எலும்பு முறியல, இருந்த இடத்தை விட்டு விலகிருச்சு, அவ்வளவுதான். ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல 18 துண்டுக் கண்ணாடியில ஏதாவது ஒண்ணு திடீர்னு துளி சாஞ்சிடுறது உண்டு, பின்னாடி தாங்குற சட்டத்துல தேங்கின இறுக்கம் விடுபடுறதாலன்னு நினைக்கிறாங்க, அதுக்காகவே ரெண்டு நாளைக்கு ஒருதரம் போல அலைமுகப்பை (வேவ்ஃபிரண்ட், அதாவது கண்ணாடியில பட்டு வர்ற ஒளி அலையோட முகப்பு வடிவம்) அளந்து பாக்குறாங்க. இதுக்குப் பிசகுங்கிற பேரு அப்படியே பொருந்துது.

அதனால ஸ்டெபிலிட்டிக்கு பிசகாமை, வேவ்ஃபிரண்ட் ஸ்டெபிலிட்டிக்கு அலைமுகப்புப் பிசகாமை. இம்மி பிசகாமன்னு பேச்சுல ஏற்கெனவே இருக்கு, இம்மிங்கிறதே நம்ம பழைய கணக்குல ஒரு நுண்ணிய பின்னம்தான்.

---

தம்பி, பிசகுன்னா தப்புன்னும் பொருள் இருக்கே? அப்புறம் டெஸ்ட் ரிப்போர்ட்ல எண் வேணும். "பிசகாமை 10 பைக்கோமீட்டர்"னு (பைக்கோமீட்டர்னா மீட்டர்ல லட்சம் கோடியில ஒரு பங்கு) எழுதினா, கூடினா நல்லதா குறைஞ்சா நல்லதான்னு குழப்பம் வரும்.

---

ஐயா, ரெண்டாவது நீங்க சொன்னது நியாயம், நான் யோசிக்கல. குணத்துக்கு பிசகாமை, எண்ணுக்கு பிசகளவுன்னு வெச்சுக்கலாம், பிசகளவு குறையக் குறைய நல்லது. தப்புக்கு பிழைன்னு ஒரு சொல் இருக்குறதால அந்தப் பொருளை இந்தத் துறையில பிசகுக்குக் கொடுக்காம விட்டுடலாம்.

பிசகளவு இல்லாம டெஸ்டிங் பத்தி எழுதவே முடியாதுன்னும் இப்போ தோணுது. 2017ல ஹூஸ்டன் ஜான்சன் ஸ்பேஸ் சென்டர்ல, சேம்பர் ஏங்கிற பெரிய வெற்றிட அறைக்குள்ள, வெப்போட கண்ணாடியையும் கருவிகளையும் சுமார் 100 நாள் கடுங்குளிர்ல வெச்சுப் பாத்தாங்க, ஆனா வெயிலை மறைக்கிற சன்ஷீல்டோட சேத்து முழுசா பாக்கவே இல்ல. மீதிய கம்ப்யூட்டர் மாடல்தான் சொல்லணும், வெப்பம் எவ்வளவு மாறும், அதுல சட்டம் எவ்வளவு வளையும், அதுல ஒளி எவ்வளவு விலகும்னு ஒண்ணுலேர்ந்து ஒண்ணா. அந்த மாடலை நம்பலாமான்னு பாக்கத்தான் சேம்பர். அடுத்து வரப்போற நாசாவோட ஹேபிடபிள் வேர்ல்ட்ஸ் அப்சர்வேட்டரிங்கிற டெலஸ்கோப்புக்கு பைக்கோமீட்டர் கணக்குல பிசகக் கூடாதுங்கிறாங்க, ஹைட்ரஜன் அணுவோட அகலமே 100 பைக்கோமீட்டர் போலத்தான், அங்க மாடலை நம்பியே ஆகணும்.

மாடல் தர்றது கணித்த பிசகளவு, சேம்பர்ல கிடைக்கிறது அளந்த பிசகளவு. இந்த ரெண்டையும் கலைச்சொல் பட்டியல்ல சேத்துடலாமா ஐயா?