ராத்திரி சாப்பாட்டுக்கு ஓவன் பருப்பு: களி தின்கிற ஊரில் எடுபடுமா?

ஓசூர் அடுப்படி:
ஞாயிறு ராத்திரி வீட்டில் ஆறு பேருக்குச் செய்தது. மைசூர் பருப்பு ஒன்றரை டம்ளர் கழுவி, ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, நறுக்கிய வெங்காயம், உரித்த பூண்டு, சீரகம், மஞ்சள், இரண்டு கரண்டி நல்லெண்ணெய், நாலு டம்ளர் கொதிக்கிற தண்ணீர். இறுக மூடி 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். அப்புறம் திறந்து உப்பு, வதக்கிய தக்காளி, மேலே துருவிய சீஸ், இன்னும் கால் மணி நேரம். ஊற வைக்க வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். தினமும் குக்கர் பருப்பு வைக்கிறவர்கள் வாரம் ஒரு நாள் இப்படிச் செய்து பாருங்கள் என்பேன்.

பென்னாகரத்தான்:
அக்கா, எதோடு சாப்பிடுவது? எங்கள் வீட்டில் ராத்திரி என்றால் கேழ்வரகுக் களி. களியை யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்குகிறோம். அதற்குக் கொள்ளுக் கடைசலோ கீரைக் கடைசலோ தளதளவென்று இருக்க வேண்டும். கெட்டிப் பருப்பு வைத்தால் எங்கள் ஆயாவுக்குத் தொண்டையில் நிற்கும். இன்னொன்று, 180 டிகிரி வைத்தாலும் தண்ணீரில் கிடக்கும் பருப்பு 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் 120 வரை போகும். இருபது நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் கரண்ட் எரிப்பானேன்?

ஓசூர் அடுப்படி:
1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் ஒன்றரை யூனிட். சூடு ஏறியதும் தானாக அணைந்து அணைந்து எரிவதால் அவ்வளவு ஆகாது. மேலே ஈரம் வற்றிய இடம்தான் 100 டிகிரியைத் தாண்டிச் சிவக்கிறது. அந்த வாசனை குக்கரில் வரவே வராது. சப்பாத்திக்கும் தோசைக்கும் அப்படியே வைக்கலாம். ஆயாவுக்குத் தனியாக, சீஸ் போடுவதற்கு முன்பே எடுத்து, வெந்நீர் விட்டு மத்தால் கடைந்து கொடுங்கள் தம்பி.

ராயக்கோட்டைத் தக்காளி:
இரண்டு பேரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பைக் கரைய விடாது, குக்கரில் வைத்தாலும் சரி, ஓவனில் வைத்தாலும் சரி. சோடா உப்பு போட்டால் குழையும், ஆனால் பி1 சத்து போய்விடும். பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃப்ளோரைடு வேறு இருக்கிறது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தானே! சமையலுக்கு அந்தக் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள். தக்காளியைக் கடைசியில் போடச் சொன்னது ரொம்பச் சரி. புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும்.

பென்னாகரத்தான்:
தண்ணீர் விஷயம் நியாயம். ஆனால் மைசூர் பருப்பு நம் மண்ணில் விளைவதில்லை. இங்கே விளைவது கொள்ளு, துவரை, அவரை, மொச்சை. கொள்ளை ராத்திரியே ஊற வைத்து, குக்கரில் வேக வைத்து, அதன்பிறகு ஓவனா? வேலை இரட்டிப்புதான் ஆகிறது.

ஓசூர் அடுப்படி:
கொள்ளுக்கு ஓவன் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். பிதுக்கம் பருப்பை எடுத்துக்கொள்ளுங்களேன். மார்கழி, தையில் பச்சை அவரைக்கொட்டையை ஊற வைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால் எவ்வளவு மெதுவாக இருக்கிறது! தேங்காய், கசகசா அரைத்து விட்டு, மூடி வைத்தால் ஓவனில் உடையாமல் முழுசு முழுசாக வேகும்.

பென்னாகரத்தான்:
பிதுக்கம் பருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள் அக்கா. வீடே உட்கார்ந்து மணிக்கணக்கில் பிதுக்கியதைக் குழம்பு வைத்துக் களிக்கு ஊற்றினால்தான் அத்தனை பேருக்கும் வரும். நீங்கள் சொல்கிற மாதிரி வற்ற விட்டால் ஆளுக்கு ஒரு கரண்டிகூடத் தேறாது. மைசூர் பருப்பை எப்படி வேண்டுமானாலும் சுடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

ராயக்கோட்டைத் தக்காளி:
சீஸ் இல்லாமல் மேலே சிவக்க வைக்க என்ன போடலாம் அக்கா? எங்கள் மாமியார் சீஸ் தொட மாட்டார்.

ஓசூர் அடுப்படி:
தேங்காய்த் துருவலில் கொஞ்சம் நல்லெண்ணெய் பிசறித் தூவுங்கள். பத்து நிமிஷம் போதும், அதற்கு மேல் விட்டால் கருகும்.